பங்குனியில் கொட்டும் முடி, மார்கழியில் விட்ட தூக்கம்

ஒரு பெண் கேட்ட கேள்வி இதுதான்: வயது 32, எடை 55 கிலோ. வீடு மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்பில்). சுங்கை பட்டாணியில் எலக்ட்ரானிக் தொழிற்சாலை வேலை, இரவு ஏழு முதல் காலை ஏழு வரை ஷிப்ட். மார்கழியில் தொடங்கித் தைப்பூசம் வரை 48 நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. அதே சமயத்தில் அம்மா ஆஸ்பத்திரியில். எல்லாம் முடிந்து, அம்மா வீடு திரும்பி, சாப்பாடும் பழையபடி ஆன பிறகு மார்ச் நடுவில் முடி கொட்டத் தொடங்கியது. சீப்பிலும் தலையணையிலும் கை நிறைய முடி. பயோட்டின் மாத்திரை இரண்டு டப்பா தீர்ந்தும் நிற்கவில்லை. "இப்போது நன்றாகத்தானே சாப்பிடுகிறேன், பிறகு ஏன்? இது சத்துக் குறைவா, டென்ஷனா, தூக்கமா?"

மூன்றும்தான். ஆனால் மூன்றும் ஒரே அளவில் அல்ல. எது எதை இழுத்து விட்டது என்று தெரிந்தால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முடி இப்படி இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வளரும். மீதிப் பத்துப் பங்கு ஓய்வில் இருக்கும். ஓய்வு சுமார் நூறு நாள், அதன் முடிவில் அந்த முடி தானாக விழும். பத்தாயிரம் முடி நூறு நாளில் விழுந்தால் நாளுக்கு நூறு. ஆகவே ஒரு நாளில் 50 முதல் 100 முடி விழுவது நோயல்ல. உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பகுதி மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடுகிறது. பத்துப் பங்கு முப்பது பங்கானால் நாளுக்கு முந்நூறு. ஆனால் அது அன்றே தெரியாது. ஓய்வு முடிய வேண்டும். அதனால்தான் டெங்கி வந்தவர்களுக்கும், குழந்தை பெற்றவர்களுக்கும், துக்க வீட்டில் பட்டினி கிடந்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்தே கொட்டுகிறது. இதற்கு டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயர். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்தார்.

மார்ச் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் நடு. விரதம் தொடங்கிய நேரம், அம்மாவை வார்டில் சேர்த்த நேரம், பகலில் ஆஸ்பத்திரிக்கும் இரவில் வேலைக்கும் ஓடிய நேரம். இப்போது சாப்பிடுவதைப் பற்றி இந்த முடிக்கு இன்னும் தகவல் போகவில்லை. இப்போது நன்றாகச் சாப்பிடுவதன் பலன் ஜூன், ஜூலையில்தான் தெரியும். இந்த இடைவெளியில்தான் ஷாம்பூவை மாற்றுவதும், தண்ணீரைக் குறை சொல்வதும், மாத்திரை விற்பவர்களுக்குக் காசு கொடுப்பதும் நடக்கிறது.

உதிர்ந்த முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சிறு முடிச்சு இருக்கும். அதைப் பார்த்து "வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது" என்று பயப்படாதவர்கள் குறைவு. அது வேர் அல்ல. ஓய்வு முடிந்த முடியின் அடிப்பக்கம். முடியை உண்டாக்கும் பகுதி தோலுக்குள் அப்படியே இருக்கிறது. வெள்ளை முடிச்சு இல்லாமல், பாதியில் ஒடிந்த துண்டுகளாக வந்தால் அது வேறு கதை: சாயம், நேராக்கும் இரும்பு, இழுத்து வாருவது இவற்றால் முடித்தண்டு ஒடிகிறது.

இப்போது சத்து. முடியின் அடியில் இருக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களில் ஒரு கூட்டம். ஒவ்வொரு முறை பிரியும்போதும் புதிய டி.என்.ஏ. எழுத வேண்டும், அதற்கான நொதிக்கு இரும்பு தேவை. முடியே கெராட்டின் என்ற புரதம். இரும்போ புரதமோ பற்றாமல் போனால், உடம்பு முதலில் இதயம், மூளை, ரத்தம் ஆகியவற்றைத்தான் பார்க்கும். முடியைக் கடைசி வரிசையில் நிறுத்திவிடும்.

விரதத் தட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கப் சோற்றில் புரதம் 8 கிராம், ஒரு கரண்டி சாம்பாரில் 3 அல்லது 4, மோரில் 2 அல்லது 3, காய்கறியில் இரண்டு மூன்று. எல்லாம் சேர்த்தால் 20 கிராமைத் தாண்டாது. 55 கிலோ எடைக்குக் குறைந்தபட்சம் நாளுக்கு 44 கிராம் வேண்டும். 48 நாள் பாதிக்கும் குறைவான புரதம். இடையில் மாதவிடாய் வந்திருந்தால் இரும்பும் வெளியே போயிருக்கும். விரதத்தைக் குறை சொல்லவில்லை. மரக்கறி உணவிலேயே புரதத்துக்கு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், ஹார்மோன் மாத்திரையை நிறுத்திய பின்னும் இதே வகை உதிர்வு வரலாம்.

தூக்கமும் மன அழுத்தமும் இதற்குள் நுழைவது பல வழிகளில்.

மிகப் பெரிய வழி, தட்டு வழியாகத்தான். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. அவர்கள் ஆசைப்பட்டது மாவும் சர்க்கரையும் உப்பும்தான். இரவு ஷிப்டில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவு இடைவேளையில் மெகி, இரண்டு கரிபாப், ஒரு தே தாரிக். காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரொட்டி சானாய். பிறகு படுக்கை. பகல் சாப்பாடு தூக்கத்திலேயே போய்விடும். வயிறு நிறைந்தே இருக்கும், எடைகூட ஏறும், ஆனால் முடிக்கு வேண்டிய இரும்பும் புரதமும் அதில் இல்லை. சத்துக் குறைவு என்றால் மெலிந்திருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு.

பால்மரம் (ரப்பர்) வெட்ட நாலு மணிக்கு எழுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். இரவு பதினொன்றுக்குப் படுத்து, வெறும் தேத்தண்ணியோடு இருட்டில் கிளம்பி, பத்து மணிக்குத்தான் பசியாறுவார்கள்.

அடுத்தது, சாப்பிட்டதும் உள்ளே சேராமல் போவது. தூக்கத்தை விரட்டக் குடிக்கும் தேநீரில் உள்ள டானின், கீரை பருப்பில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கப் கடுந்தேநீர் குடித்தால் அந்த வேளை இரும்பில் பாதிக்கு மேல் வீண். ஆகவே தூக்கம் குறைந்தால் தேநீர் கூடுகிறது, தேநீர் கூடினால் இரும்பு குறைகிறது, இரும்பு குறைந்தால் அசதி, அசதிக்கு இன்னொரு தேநீர். ஷிப்ட் வேலை செய்யும் பெண்களிடம் நான் முதலில் சந்தேகிப்பது இந்தச் சுற்றைத்தான்.

இதற்கு மேல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன். கல்லீரலில் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் கதவை இது மூடும். உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் கூடும். நாள்கணக்கில் தூக்கம் குறைந்தால் அழற்சியைக் காட்டும் சில பொருள்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. ஆனால் இதைப் பெரிதாக்க வேண்டாம். மாதவிடாயும் காலித் தட்டும் யானை என்றால் இது பூனை.

மூன்றாவது, மன அழுத்தம் முடியின் அடியையே நேரடியாகத் தொடுவது. 2021-ல் ஹார்வர்டில் யா-சியே சூ குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள். அழுத்த ஹார்மோன் கூடினால், முடியை மறுபடி வளரத் தூண்டும் ஒரு சமிக்ஞை அடங்கிவிடுகிறது. முடியின் ஸ்டெம் செல்கள் ஓய்விலேயே கிடக்கின்றன. அந்த ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பியை எடுத்துவிட்டபோது, 60 முதல் 100 நாள் வரை நீளும் ஓய்வு 20 நாளுக்கும் கீழே வந்தது. எலி மனிதர் அல்ல. ஆனாலும் "டென்ஷனால் முடி கொட்டும்" என்று பாட்டிகள் சொன்னதற்கு உடம்பில் ஒரு பாதை இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. அழுத்த ஹார்மோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உடம்பின் புரதத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவது. புரதம் ஏற்கெனவே 20 கிராமில் நின்ற தட்டுக்கு இது இரட்டை அடி.

ஆகவே உங்கள் விஷயத்தில் வரிசை இப்படி: இரும்பும் புரதமும் முதல் காரணம், தூக்கக் கெடுதல் அதைத் தட்டிலும் தேநீரிலும் பெரிதாக்கியது, அம்மாவைப் பற்றிய கவலை மேலே ஏறி உட்கார்ந்தது. பயோட்டின் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. நாளுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும், சாதாரணச் சாப்பாட்டில் அது கிடைத்துவிடும். கடை மாத்திரையில் 5,000, 10,000 இருக்கும். பயோட்டின் குறைவில்லாதவருக்கு அதனால் முடி வளராது. அதோடு ஒரு கெடுதலும் உண்டு: இந்த அளவில் எடுத்தால் தைராய்டு, மாரடைப்புக்கான ட்ரோபோனின் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தவறாகக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் இதை எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை தொடங்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில் சேர்த்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். இந்த மூன்றும் முக்கியம். வருடம் முழுக்க மரக்கறி சாப்பிடுகிறவர் என்றால் பி12 சேர்த்துக் கேளுங்கள். பலர் ஏமாறும் இடம் இது: ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் "ரத்தம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் கையில் உள்ள காசு, ஃபெரிட்டின் வங்கியில் உள்ள சேமிப்பு. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் கைக்காசு குறையும், முடியோ சேமிப்பு குறையும்போதே அடங்கத் தொடங்கலாம். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. முடி கொட்டுகிறவருக்கு 30, 40-க்கு மேலாவது இருக்க வேண்டும் என்று பல தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். காய்ச்சல் இருக்கும்போதும் விட்ட சில வாரங்களிலும் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், அப்போது எடுக்காதீர்கள்.

ஃபெரிட்டின் சரியாக இருந்து, எம்.சி.வி. (முழு ரத்த எண்ணிக்கையில் வரும் சிவப்பணுவின் அளவு) மட்டும் 80-க்குக் கீழே இருந்தால் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணு இருக்கலாம். மலேசியாவில் இது அரிதல்ல. அவர்களுக்கு இரும்பு மாத்திரை தேவையற்றது, கெடுதலும் கூட. பரிசோதனையை முன்னால் வைக்க இது ஒன்றே போதும். இரத்தசோகை இங்கே எவ்வளவு சாதாரணம் என்றால், 2019 தேசிய சுகாதார ஆய்வில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு இருந்தது.

குறைவு என்று வந்தால் வழக்கமாகக் கொடுப்பது ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம். அதில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம். தினம் எடுத்தால் ஹெப்சிடின் ஏறி அடுத்த நாள் மாத்திரையின் ஒரு பகுதியைத் தள்ளிவிடும். 2017-ல் சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வில் ஒன்று விட்டு ஒரு நாள் எடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேர்ந்தது. வயிற்றுத் தொந்தரவும் அப்படி எடுத்தால் குறைவு. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்திருந்தால் டாக்டர் தினம் எடுக்கச் சொல்லலாம், அப்போது அவர் சொல்வதே. நீங்கள் பகல் இரண்டு மணிக்கு எழுகிறவர் என்றால் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை ஜம்பு பழத்தோடு அல்லது எலுமிச்சைச் சாறோடு எடுங்கள். இங்கே ஜம்பு என்பது ஜம்பு பாத்து, அதாவது நம் கொய்யா. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சைவிட நான்கு மடங்கு. தேநீர், காப்பி, பால், மைலோ அதற்கு முன் ஒரு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் வேண்டாம். குமட்டினால் கொஞ்சம் சோற்றோடு எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். பாதியில் விடுவதால்தான் பலருக்கு மறுவருடம் மறுபடி கொட்டுகிறது. மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு இரும்பு மாத்திரை உயிரையே எடுத்துவிடும்.

சாப்பாட்டை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். இலக்கு நாளுக்கு 55 கிராம் புரதம். பெரிய சாப்பாடு வேலைக்குக் கிளம்பும் முன், ஆறு மணிக்கு: சோறு, ஒரு கெம்பொங் மீன் (கானாங்கெளுத்தி, சுமார் 20 கிராம் புரதம்), அரைக் கப் பருப்பு (9 கிராம்), முருங்கைக்கீரையோ பாயாம் கீரையோ, மேலே எலுமிச்சை பிழிந்து. கீரையில் இரும்பு இருந்தாலும் சேர்வது கொஞ்சம்தான். எலுமிச்சையும் மீனும் கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். நள்ளிரவில் வீட்டிலிருந்து எடுத்துப்போன இரண்டு அவித்த முட்டை (12 கிராம்), ஒரு பிடி வறுத்த கடலை. காலை படுக்கும் முன் கொஞ்சமாக: ஒரு துண்டு தெம்பேயோடு (புளிக்கவைத்த சோயா) சிறிது சோறு, 75 கிராம் தெம்பேயில் 14 கிராம் புரதம். இவ்வளவில் 55 வந்துவிடும். வாரம் ஒரு முறை கோழி ஈரல் அல்லது நன்றாக வேகவைத்த கெராங் சிப்பி இரும்புக்கு மிக நல்லது. கெராங்கை அரைவேக்காடாகச் சாப்பிட்டால் மஞ்சள் காமாலை வரக்கூடும். ஈரல் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வைட்டமின் ஏ அதிகம். அதே வைட்டமின் ஏயும் செலினியமும் அளவு மீறினால் முடியைக் கொட்டவைக்கும். துத்தநாகம் அளவு மீறினால் உடம்பில் செம்பு குறையும். நான்கு வகை "முடி மாத்திரை"களை ஒன்றாக விழுங்குகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கடைசிக் கோப்பை பின்னிரவு இரண்டு மணியோடு போதும். அதற்குப் பிறகு குடித்தால் காலைத் தூக்கத்தைக் கெடுக்கும்.

தூக்கத்தில் இலக்கு 24 மணி நேரத்தில் ஏழு மணி நேரம். ஒரே மூச்சில் கிடைக்காவிட்டால் காலை எட்டரை முதல் ஒன்றரை, பிறகு மாலை மூன்றரை முதல் ஐந்தரை என்று இரண்டாகப் பிரிக்கலாம். பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி, சத்தத்தை மறைக்கக் காற்றாடி. பகல் தூக்கத்தை அதிகம் கெடுப்பது வெளிச்சமல்ல, வீட்டார்தான்: "வீட்டில்தானே இருக்கே" என்று கூப்பிட்டு வேலை சொல்வது. அந்த ஐந்து மணி நேரம் நள்ளிரவுக்குச் சமம் என்று குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் இரவு பத்துக்குப் படுத்து முழுக்கத் தலைகீழாக்கினால் மறுபடி மூன்று நாள் தடுமாற்றம். காலை மூன்று, நாலுக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுந்தால் இரண்டு பக்கமும் ஓரளவு ஒத்துப்போகும்.

கவலையைக் குறை என்று சொல்வது எளிது. செய்யக்கூடியது, ஆஸ்பத்திரிக் காவலை அண்ணன் தம்பிகளோடு எழுதி வைத்துப் பிரித்துக்கொள்வது. எப்போதும் மகள்தான் முழுதும் சுமக்கிறாள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் அதையும் அதே கிளினிக்கில் சொல்லுங்கள்.

எல்லா உதிர்வும் இதுவல்ல. காசு வடிவில் வழுக்கை என்றால் புழுவெட்டு. வகிடு மட்டும் ஆண்டுக்கணக்கில் அகன்றால் பரம்பரை வகை. தொழிற்சாலைத் தொப்பிக்குள் அடக்க இறுக்கிக் கொண்டை போட்டதில் நெற்றி ஓரமும் காதோரமும் மட்டும் ஏறினால் அது இழுப்பால் வருவது. கொண்டையைத் தளர்த்தி, இடம் மாற்றிப் போட்டாலே பாதி நிற்கும். தலை முழுக்க ஒரே சீராகக் குறைந்தால்தான் இங்கே பேசிய வகை. ஒரு நாள் தலை குளிக்காமல் இருந்து, ஐம்பது அறுபது முடியை விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் வந்தால் இன்னும் உதிர்வு ஓடுகிறது. ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால், அல்லது ஒன்றிரண்டு மணிக்கு ஒரு பேட் மாற்றும் அளவு மாதவிடாய் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் புரதம் கழிவதைக் குறைக்கும், ஒடிவது குறையும். வேரில் எதையும் முளைக்க வைக்காது.

காரணம் நீங்கி மூன்று மாதத்தில் உதிர்வு தணியும். பிறகு நெற்றி ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் குட்டி முடிகள் நிற்கும். மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. பின்னல் பழைய கனத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். தினமும் கண்ணாடியில் பார்ப்பதற்குப் பதில் மாதம் ஒரு முறை, ஒரே விளக்கில், வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு விரதம் இருப்பதாக இருந்தால் அக்டோபரில் ஃபெரிட்டின் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அந்த வேளையில் ஒரு கப் பருப்பு, 100 கிராம் தெம்பே, தயிர். இரவு விரத முறை அனுமதித்தால் ஒரு டம்ளர் பாலும் ஒரு பிடி கடலையும். சோறு, காயோடு சேர்த்தால் 55 கிராமைத் தாண்டிவிடும். காவடியோ பால்குடமோ எடுக்கும் வாரத்தில் இரவு ஷிப்டை மாற்றிக் கேட்க இரண்டு மாதம் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள். கடைசி வாரத்தில் எல்லாரும் கேட்பார்கள்.